படம் சுவாசித்த காற்று

மூன்றாவது வாய்தாவுக்கு வந்தபோது மிருதுளாவுக்குக் கோபம் வற்றிப்போயிருந்தது. முதல் வாய்தாவுக்கு ஒரு கட்டுக் காகிதங்களோடு வந்தாள். இரண்டாவதற்குக் கண்ணீரை அடக்கிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை ஒரு தண்ணீர் பாட்டிலும் முட்டிவலி மாத்திரையும் மட்டும்தான். ஐம்பத்தெட்டு வயதில், காரைக்காலிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவளுக்கு நியாயத்தைவிட முட்டிதான் முக்கியமாகிவிடுகிறது.

கலைப்பொருள் உரிமைத் தீர்ப்பாயத்தின் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்ச். அதன் ஒரு முனையில் அவள். மறு முனையில் அவள் தம்பி பிரணவ். நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. முப்பத்தாறு வருடங்களாக அக்காவும் தம்பியும் பேசவில்லை. வழக்கு தொடங்கிய இந்த ஆறு மாதங்களில் அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசியதெல்லாம் 'மனுதாரர்', 'எதிர்மனுதாரர்' என்ற பெயரில், அதிகாரியைப் பார்த்துத்தான்.

வழக்கு ஒரு படத்துக்காக. மிருதுளாவின் இருபத்தொன்றாவது வயதில் ஜோயல் வரைந்த அவளுடைய முகம்.

ஜோயல் அவள் கணவன். செத்து இரண்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை வாடகைக்காகப் படம் விற்றவன். செத்த பிறகுதான் பெரிய ஆளானான். எந்தப் படத்தையும் எந்திரம் அச்சுப் பிசகாமல் வரைந்து தள்ளும் காலத்தில், மனிதக் கை வரைந்தது என்று நிரூபிக்கப்பட்ட படங்களுக்குத் தனி மவுசு வந்திருந்தது. ஜோயல் வரைந்த நாற்பத்தொரு படங்களையும் அரசாங்கம் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள படத்துக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் பெயர் பதிவாக வேண்டும் என்பது சட்டம். பதிவாகாவிட்டால் படம் சென்னையில் இருக்கும் அரசுக் காப்பறைக்குப் போய்விடும். குளிரூட்டப்பட்ட இருட்டு அறை. உள்ளே போன படத்தை ஆராய்ச்சிக்காரர்கள்தான் பார்க்கலாம்.

மற்ற நாற்பது படங்களும் யார் யார் வீட்டிலோ இருந்தன. அவற்றை மிருதுளா கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டாள். தர மறுத்து பிரணவ் வழக்குப் போட்டார். இது திண்டுக்கல்லில், அவள் பிறந்த வீட்டில் இருந்தது. ஓடிப்போன அன்று எடுத்து வர முடியவில்லை. "இன்னொண்ணு வரைஞ்சு குடேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "அன்னைக்கு உன்னைப் பார்த்தது மாதிரி மறுபடி பார்க்க முடியாது புள்ள. இப்போ ரொம்பத் தெரிஞ்சுபோச்சு" என்று சிரிப்பான். ஜோயல் தன்னை முதன்முதலாக எப்படிப் பார்த்தான் என்பது அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது. அதை வீட்டில் மாட்டி, எதிரே உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"மனு நூத்திப் பன்னெண்டு, உள்ள வாங்க" என்றது ஒரு குரல்.

அதிகாரி ஃபர்ஹானா பேகம் நாற்பதுகளில் இருந்தாள். பதினோரு வருடமாக இந்த நாற்காலி. வக்கீல்களுக்கு இங்கே இடம் கிடையாது. வழக்காடுகிறவர்கள் மட்டும்தான். அதனால் அழுகையும் வசவும் நேராக அவள் மேஜைக்கே வந்து சேரும். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

மேஜைக்கு அப்பால் தாங்கியில் படம் நின்றது. மிருதுளா முப்பத்தாறு வருடம் கழித்துப் பார்க்கிறாள். பெரிய படமில்லை. காலண்டர் அளவு. ஒல்லியான ஒரு பெண், தலையை லேசாகத் திருப்பி, எதையோ சொல்ல வந்து நிறுத்தியவள்போல, ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு. 'இவ்வளவு திமிரா எனக்கு' என்று நினைத்தாள்.

"மூக்கு வேலைய முடிச்சிருச்சு. இன்னைக்கு அறிக்கையைப் படிச்சிரலாம்" என்றாள் ஃபர்ஹானா.

மூக்கு என்பது அங்கே எல்லோரும் அந்தக் கருவிக்கு வைத்த பெயர். படத்தின் மேல் பூசிய மெருகில் வருடா வருடம் படியும் தூசியையும் புகையையும் அடுக்கடுக்காகப் பிரித்து, எந்தக் காலத்தில், எப்படிப்பட்ட அறையில், எந்தக் காற்றில் அந்தப் படம் இருந்தது என்று சொல்லிவிடும்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்றார் பிரணவ். தலை முழுக்க நரைத்துவிட்டது. பாத்திரக்கடையில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்திருந்தது. "படம் எங்க வீட்லதான் இருந்துச்சு. ஊருக்கே தெரியும்."

"சார், படத்த இப்போ நம்ப முடியாது. நூறு நகல் வரும். அது சுவாசிச்ச காத்தத்தான் நம்பலாம். அதுல பொய் சேர்க்க எந்த எந்திரத்துக்கும் இன்னும் தெரியல." ஃபர்ஹானா கண்ணாடியைத் துடைத்தாள். "சட்டத்த இன்னொரு தடவை சொல்லிடறேன். முப்பது வருஷத்துக்கு மேல ஒரு வீட்ல இருந்த பொருள் அந்த வீட்டுக்குச் சொந்தம். அப்படின்னா உங்களுக்கு. ஆனா, 'இது இன்னாரோடது, அவங்க உயிரோட இருக்காங்க'ன்னு நெனச்சே வச்சிருந்தா, வச்சிருந்தவங்க வெறும் காவல்தான். சொந்தம் அவங்களோடது. எப்படி நெனச்சு வச்சிருந்தீங்கங்கறதுதான் கேள்வி."

"நெனப்பக்கூடவா மூக்கு மோந்து பார்க்குது?" என்றாள் மிருதுளா.

"பாதிக்குப் பாதி மோந்துரும்மா. அதான் கொடுமை. அறிக்கைய ஒரு வரி விடாம ரெண்டு பேர் முன்னாலயும் படிக்கணும்னு விதி. போன வாரம் ஒருத்தர் வீட்டு சாமி படத்துல, அவங்க சம்சாரம் உபயோகிக்காத சென்ட் வாசனை பத்து வருஷத்துக்கு இருந்துச்சு. படிச்சேன். என்ன செய்ய?"

அவள் படிக்க ஆரம்பித்தாள். உணர்ச்சியில்லாத, பஸ் நிலைய அறிவிப்பு மாதிரியான குரல்.

"முதல் அடுக்கு. சுண்ணாம்புச் சுவர், மேல்மாடி அறை, ஓட்டுக்கூரை. வரைஞ்சதே அங்கதான்."

உண்மைதான். அப்பா கடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில், மாடி அறையில் வரைந்தது. மாடிப்படியில் பிரணவ் காவல் நிற்பான். அப்போது பதினெட்டு வயது. ஜோயல் அவனுக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கி வருவான்.

"அடுத்து, முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தி, ஜூலை மாசம். இடம் மாறி இருக்கு. கீழ் கூடம். நல்லெண்ணெய் விளக்குப் புகை, ஊதுவத்தி, சட்டத்தோட மேல் விளிம்புல சம்பங்கி மகரந்தம். தொடர்ந்து பதினாறு நாள்."

ஃபர்ஹானா நிறுத்தினாள். மிருதுளாவுக்கு முதலில் புரியவில்லை. அப்பா தலைமுழுகிவிட்டார் என்று யாரோ சொல்லி அவளுக்குத் தெரியும். அது வாய்வார்த்தை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"மாலையா?" என்றாள். "எனக்கா?"

பிரணவ் தரையைப் பார்த்தார்.

"பதினாறு நாள்" என்றாள் மறுபடி. இருபத்திரண்டு வயதில், காரைக்காலில் ஒற்றை அறையில், ஜோயலோடு பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, அடுத்த வேளை என்ன சமைப்பது என்று சிரித்துக்கொண்டிருந்த அதே பதினாறு நாள்.

"இதுவரைக்கும் பார்த்தா, அந்த வீடு உங்களை இறந்தவங்களா நெனச்சுத்தான் வச்சிருந்திருக்கு. படம் சாருக்குத்தான். ஆனா முழுசாப் படிக்கணும்." ஃபர்ஹானா பக்கத்தைத் திருப்பினாள். "பதினாறு நாளுக்கப்புறம் திரும்ப மாடி. வெளிச்சமே இல்ல, துணி சுத்தி வச்சிருந்திருக்காங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள் மட்டும் துணி விலகியிருக்கு. அந்த ஒரு நாள் சமையல் புகை."

"மாடியில சமையலா?" என்றாள் மிருதுளா.

"மூக்கு அப்படித்தான் எழுதியிருக்கு. வரமிளகாய், கடுகு, கல்லுப்பு, அடுப்புக்கரி. தாளிப்புன்னு கணக்குப் பண்ணிருக்கு. தேதி மட்டும் வருஷா வருஷம் மாறுது. ஒரு வருஷம் ஆகஸ்ட் இருபத்தெட்டு. அடுத்த வருஷம் செப்டம்பர் பதினாலு. அதுக்கடுத்து செப்டம்பர் மூணு..."

மிருதுளா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள். சமையலறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. மாடியில் அடுப்பே கிடையாது. அதுவும் போகட்டும். மிளகாய் இருக்கிறது, கடுகு இருக்கிறது, எண்ணெயைக் காணோம். எண்ணெய் இல்லாமல் யார் தாளிப்பார்கள்? தேதி மாறினாலும் எல்லாம் ஆவணி மாதத்துக்குள்ளேயே விழுகிறது. ஆவணியில் பூச நட்சத்திரம். அவள் பிறந்தது.

மூக்கைச் செய்தவர்களுக்கு எல்லாப் புகையும் தெரிந்திருக்கும். பிறந்த நட்சத்திரத்தன்று மிளகாயும் உப்பும் கடுகும் கைப்பிடியில் வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போடுகிற வீடுகளை மட்டும் தெரியாது. அதைச் செத்தவர்களுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். கண் படுவது உயிரோடு இருப்பவர்கள் மேல்தான்.

அம்மா, என்று நினைத்தாள். அம்மாதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபர்ஹானா வருடங்களைப் படித்துக்கொண்டே போனாள். ஏழாவது வருடம், எட்டாவது வருடம். அம்மா செத்தது ஒன்பதாவது வருடம், சித்திரையில். காரியத்துக்குக்கூட மிருதுளாவை யாரும் கூப்பிடவில்லை. அந்த வருட ஆவணியிலும் புகை இருந்தது. பத்தாவது வருடமும் இருந்தது.

அப்பாவா? மாலை போட்ட அதே கையா? பதினாறாவது வருடத்தில் அப்பா போனார். அதன் பிறகு படம் மாடியிலிருந்து கீழே வந்தது, கூடத்தில் மாட்டப்பட்டது, வெளிச்சம் பட்டது. ஆவணிப் புகை மட்டும் நிற்கவில்லை.

"...கடைசியா இந்த வருஷம், செப்டம்பர் ஆறு. அவ்வளவுதான்."

செப்டம்பர் ஆறு. வழக்கு தொடங்கி மூன்று மாதம் கழித்து. 'எதிர்மனுதாரரின் கோரிக்கை பேராசையால் எழுந்தது' என்று பிரணவ் எழுதிக் கொடுத்திருந்தாரே, அதற்கும் அடுத்த வாரம்.

மிருதுளா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாலும் அந்தக் காதுதான் சிவக்கும்.

ஃபர்ஹானா அறிக்கையை மூடினாள். "எனக்கு இது சமையல் மாதிரித் தெரியல. எங்க வீட்லயும் சுத்திப் போடுவாங்க. ஆனா நான் நெனைக்கறது செல்லாது. அந்த வீட்டுப் புழக்கம் தெரிஞ்சவங்க சொல்லணும். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் கொடுங்க. சமையல்னா, படம் சாருக்கு. சமையல் இல்லன்னா, படம் இந்த அம்மாவுக்கு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. எழுதிக் குடுத்தா குடுத்ததுதான். தன் உரிமைக்கு விரோதமா எழுதினதத் திரும்ப வாங்க முடியாது."

ஆளுக்கொரு தாள் வந்தது. பிரணவ் ஜன்னல் பக்கம் போனார். மிருதுளா மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

இரண்டு வரி எழுதினால் போதும். படம் காரைக்கால் வீட்டுக்கு வந்துவிடும். ஜோயலின் கண் தினமும் காலையில் எதிரே இருக்கும். அவள் படத்தைப் பார்த்தாள். படத்துப் பெண் இவளைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்த்தாள்.

ஜன்னல் பக்கம் தம்பியின் முதுகு தெரிந்தது. கூன் விழ ஆரம்பித்திருந்தது. அந்த வீட்டில், அந்த அப்பாவுக்குத் தெரியாமல், மாடியில் போய்த் துணியை விலக்கி... பத்தொன்பது வயதில் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அடுப்புக்கரியை எப்படித் திருடி எடுத்துப் போனான்? இப்போது மனைவி மக்களுக்குத் தெரியுமா? இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்த ஆவணியில் வெறும் சுவரின் முன்னால் நின்று என்ன செய்வான்? அவளுக்கு ஜோயலோடு முப்பத்து நாலு வருடம் கிடைத்தது. சண்டையும் சிரிப்பும் இருமல் மருந்துமாக முழுதாக வாழ்ந்தாயிற்று. இவனுக்கு அக்கா என்று கிடைத்தது இந்தக் காலண்டர் அளவுதான்.

களைப்பாக இருந்தது. பேனாவைத் திறந்து எழுதினாள்: 'எங்கள் வீட்டு மாடியில் ஆவணி மாதம் மிளகாய் வறுத்துப் பொடிக்கும் வழக்கம் உண்டு. அது சமையல் புகைதான்.' கையெழுத்துப் போட்டாள். ஜோயல் இருந்திருந்தால், 'பொய்யக்கூட உனக்கு ஒழுங்கா எழுதத் தெரியல' என்று சொல்லியிருப்பான்.

ஃபர்ஹானா இரண்டு தாளையும் வாங்கினாள். முதலாவதைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். மறுபடி முதலாவதை எடுத்தாள். பிறகு இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷத்துல எல்லாரும் படத்த வாங்கப் பொய் சொல்லித்தான் பார்த்திருக்கேன்" என்றாள். "சார் எழுதினதப் படிக்கிறேன். 'அது சமையல் இல்லை. என் அக்கா பிறந்த நட்சத்திரத்துக்கு நான் சுற்றிப் போட்டது. உயிரோடு இருப்பவளுக்கு அப்பா மாலை போட்டுவிட்டார். அதனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்தப் பயமாக இருந்தது. படம் அவளுடையது.'"

மிருதுளா எழுதியதையும் படித்தாள்.

பிரணவ் திரும்பினார். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தார்.

"யாரு உன்ன இப்படி எழுதச் சொன்னா?" என்று கத்தினார். "மாடியில மிளகா வறுத்தாங்களா? எவ வறுத்தா? எழுதறதுக்கு முன்னால அறிவு வேண்டாம்?"

"நீ ஏன்டா உண்மைய எழுதின? கேஸ் போட்டு ஆறு மாசம் என்னை அலைய விட்டவன், இன்னைக்கு என்ன அரிச்சந்திரன்?"

"குடுத்துட்டா நீ வாங்கிட்டுப் போயிருவ. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பியா? கேஸ் நடந்தா வாய்தாவுக்காவது வருவ!"

"அதுக்கு என்னைப் பேராசைக்காரின்னு எழுதுவியா?"

"அது என் மாப்ள எழுதுனது. நான் கையெழுத்துதான் போட்டேன்."

ஃபர்ஹானா கையை உயர்த்தினாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்க. நடந்தது என்னன்னு புரிஞ்சுதா? அம்மா, உங்க உரிமைய நீங்க விட்டுட்டீங்க. சார், உங்களோடத நீங்க விட்டுட்டீங்க. இப்போ இந்தப் படத்துக்குச் சொந்தக்காரர்னு யாரும் இல்ல."

"ஒரு தாளக் கிழிச்சுப் போடுங்க மேடம். எந்தத் தாளா இருந்தாலும் சரி" என்றார் பிரணவ்.

"எழுதும்போதே பதிவாயிருச்சு சார். பொய்யா விட்டுக் கொடுத்தாலும் விட்டுக் கொடுத்ததுதான். பயந்து எழுதினா, மிரட்டி எழுத வச்சா, அதுக்கெல்லாம் சட்டத்துல வழி இருக்கு. இதுக்கு வழியே வைக்கல. இப்படியும் செய்வாங்கன்னு யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க." குரல் முதல் தடவையாகத் தழுதழுத்தது. "சாயங்காலம் காப்பறை வண்டி வரும். அதுவரைக்கும் இங்கயேதான் இருக்கும். பார்த்துக்கிட்டு இருங்க. நான் சாப்பிடப் போறேன்."

அவள் போய்விட்டாள். அக்காவும் தம்பியும் படத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

மிருதுளா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காப்பி குடிக்கும்போது எதிர்ல வச்சுக்கலாம்னு இருந்தேன். ஜோயல் என்னைப் பார்த்த பார்வை இது ஒண்ணுதான் மிச்சம்."

"அவர் பார்த்தது சரி" என்றார் பிரணவ். "நீ அவரையா பார்க்கிற இதுல? புருவத்தப் பாரு. படிக்கட்டுல நின்ன என்னைப் பார்த்து, 'அப்பா வர்றாரா'ன்னு கேக்குற. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதே மூஞ்சிதான்."

மிருதுளா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். ஆமாம். காதலனைப் பார்க்கிற முகமில்லை அது. தம்பியை அதட்டுகிற முகம். ஜோயல் அதைத்தான் வரைந்து வைத்திருக்கிறான். இத்தனை வருடம் அவள் தேடியது வேறு எதையோ.

"காவல் நின்னவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியேக்கா" என்றார் பிரணவ். குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தா அப்பா உன்னை அடிச்சே விஷயத்த வாங்கியிருப்பாரு."

"சொல்லாமலும்தான் அடிச்சாரு."

மிருதுளா தன்னையறியாமல் அவர் முதுகில் கையை வைத்தாள். எலும்பு தட்டியது. "சாப்பிடறதே இல்லையா நீ?"

"சுகர்."

நாலு மணிக்கு இரண்டு ஆட்கள் வந்து படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, ஆணி அடித்தார்கள். பிரணவ் ஒவ்வொரு ஆணிக்கும் கண்ணை மூடித் திறந்தார். வண்டி கிளம்பிய பிறகும் இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள்.

"வர்ற ஆவணிக்கு எதுக்குடா சுத்துவ?" என்றாள் மிருதுளா.

"நீதான் இருக்கியே. வந்து முன்னால நில்லு."

"பூசம் எப்ப வருதுன்னு எனக்கு யாரு சொல்லுவா? நான் காலண்டர் பார்த்து எத்தனையோ வருஷமாச்சு."

"நான் கூப்பிட்டுச் சொல்றேன்."

"நம்பர் இருக்கா?"

பிரணவ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவள் சொன்னாள், அவர் அடித்தார். இரண்டு தடவையும் தப்பாக விழுந்தது. "குடு இப்படி" என்று பிடுங்கி, மிருதுளாவே அடித்துக் கொடுத்தாள்.